மணிவாசகம் வைத்த பெயர்கள்

மாண்ட்ரியலில் தமிழர் வீடு எதிலாவது குழந்தை பிறந்தால் மணிவாசகம் பார்க்கப் போவார். போனதும் முதல் காரியமாகப் பெயரைக் கேட்பார். "சும்மா சுஜின்னு கூப்பிடறோம்" என்று பெற்றவர்கள் சொல்லித் தப்பித்துவிட முடியாது. "அது சுருக்கமுங்க. முழுப்பேரு என்ன?" என்பார். சுஜாதாவா, சுஜனாவா, கடைசியில் நெடிலா, இனிஷியல் அப்பாவுடையதா தாத்தாவுடையதா என்று அத்தனையும் கேட்டு, வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்ட பிறகுதான் குழந்தையின் முகத்தையே பார்ப்பார். அவர் இருக்கிற இடத்தில் 'குட்டி', 'பப்லு', 'அம்மு' எதுவும் செல்லாது. புரோசார்டில் இருக்கிற டாக்டர் ஜெயசங்கர் இதைப் பார்த்துவிட்டு அவருக்கு 'ரேஷன் கார்டு' என்று பெயர் வைத்தார். விஷயம் மணிவாசகத்தின் காதுக்கும் வந்தது.

"பேரு மோசமில்லீங்க. ஆனா நான் வெச்சிருந்தா இன்னும் நறுக்குன்னு இருந்திருக்கும்" என்று சிரித்தார்.

அது வெறும் வாய்ச்சவடால் இல்லை. ஒரு காலத்தில் பட்டப்பெயர் வைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கோயம்புத்தூர்ப் பீளமேட்டுக்காரர். கல்லூரி ஹாஸ்டலில் அவர் வாயிலிருந்து தப்பியவன் ஒருவனும் இல்லை. பேசும்போது எதிராளியைக் குளிப்பாட்டிவிடுகிற வார்டனுக்கு 'அடைமழை'. பாதிக் கணக்கைப் போட்டுவிட்டு "மீதியை நீங்களே போட்டுக்கங்க" என்று வகுப்பை விட்டுப் போகிற பேராசிரியருக்கு 'மீதி'. அவருக்கே ஹாஸ்டல் வைத்த பெயர் 'மில்லுச் சங்கு'. வாயைத் திறந்தால் நாலு தெரு தள்ளி ஷிப்ட் மாறிவிடும் என்பார்கள். இஞ்சினியரிங்கில் இரண்டாம் வகுப்பு, வாய்க்கொழுப்பில் தங்க மெடல் என்று தன்னைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வார்.

அறுபத்தேழில், நகரம் முழுக்க உலகப் பொருட்காட்சிக்காகக் கொடி கட்டியிருந்த வருஷத்தில், பாலங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலைக்கு வந்து சேர்ந்தார். தெரிந்த டாக்டர்களும் பேராசிரியர்களும் இங்கிலீஷ் பேசுகிற இடங்களாகப் பார்த்துக் குடியேற, இவர் மட்டும் செயின்ட்-மிஷேலில் வீடு பிடித்தார். "பிரெஞ்சுக்காரன் நடுவுல குடியிருந்தாத்தான் பிரெஞ்சு வரும்" என்று எல்லோருக்கும் உபதேசம் வேறு. நாலு வருஷத்தில் வந்த பிரெஞ்சு என்னவென்று கேட்டுக்கொள்ளுங்கள்: போன்ஜூர், மெர்சி, எண்கள் பத்து வரைக்கும், அப்புறம் 'இன்றைக்குக் குளிர் அதிகம்' என்று ஒரு முழு வாக்கியம். அந்த வாக்கியம் வருஷத்தில் ஆறு மாதம் செல்லும். மீதி ஆறு மாதம் சிரித்தே சமாளிப்பார்.

வீடு மூன்று மாடி. கீழே மணிவாசகமும் மனைவி வசுமதியும். மேல் இரண்டு மாடியும் த்ரெபானியே குடும்பத்துக்கு. தெருவிலிருந்து வளைந்து வளைந்து மேலே போகிற இரும்புப் படிக்கட்டு அவர்களுடையது. அப்பா ரோஜே லாரி டிரைவர். கோடையில் மணல் அடிப்பார், குளிர்காலத்தில் பனி அள்ளுவார். எப்போது வருகிறார், எப்போது போகிறார் என்று அவர் பிள்ளைகளுக்கே சரியாகத் தெரியாது. அம்மா யூகெத் சிரித்த முகம், களைத்த உடம்பு. பிள்ளைகள் எட்டு. பாலம் எத்தனை டன் தாங்கும் என்று பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போடுகிற மணிவாசகத்துக்குத் தன் தலைக்கு மேல் அத்தனை ஜோடிக் கால் தாங்கவில்லை. முதல் வாரம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கினார். இரண்டாம் வாரம் பழகிப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எல்லோரும் கூண்டோடு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட, சத்தமில்லாமல் இவருக்குத் தூக்கம் வரவில்லை.

குடிவந்த அன்றே யூகெத் அப்போது இருந்த ஏழு பேரையும் படிக்கட்டில் வரிசையாக நிறுத்திப் பெயர் சொன்னாள். பெண்களெல்லாம் மரி-என்னவோ, பையன்களெல்லாம் ழான்-என்னவோ. மணிவாசகத்தின் காதில் மரி விழுந்தது, ழான் விழுந்தது, பின்னால் ஒட்டிக்கொண்டிருந்ததெல்லாம் காற்றோடு போய்விட்டது. அந்த ழகரமாவது வாயில் நுழைந்ததா? வாழைப்பழமே 'வாளப்பளம்' என்று வருகிற வாய். 'சான்' என்றார், 'யான்' என்றார், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மானம் போனது. சரி, உங்கள் வழியில் நான் வருவதாயில்லை, என் வழியில் நீங்கள் வாருங்கள் என்று பழைய தொழிலைக் கையில் எடுத்தார்.

நெடுநெடுவென்று வளர்ந்த பெரிய பையன் ஒட்டடைக்குச்சி. எங்கே போனாலும் சேர்ந்தே போகிற இரட்டைப் பெண்கள் இட்லி, சட்னி. கீச்சுக் குரலால் காதைக் குத்துகிறவள் குண்டூசி. முன்பல் இரண்டும் விழுந்து, புதுப் பல் வர மறுத்துக்கொண்டிருந்தவன் ஓட்டைப்பல். படியில் ஏறாமல் படிக்கட்டின் கைப்பிடி மேல் ஏறுகிறவன் வானரம். பிற்பாடு பிறந்த எட்டாவது, கைக்குழந்தை, பூசணி.

எல்லோருக்கும் மூத்தவள் கலெக்டர். பதின்மூன்று வயசு இருக்கும். காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது படிக்கட்டின் உச்சியில் நிற்பாள். இரண்டு கையும் இடுப்பில், தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், வலது பாதம் தட்டிக்கொண்டே இருக்கும். கையுறை, தொப்பி, காலணி மூன்றையும் சோதனை போட்டுத்தான் ஒவ்வொருத்தரையாகக் கீழே விடுவாள். கையுறை போடாமல் எவனாவது நழுவப் பார்த்தால் "மித்தேன்!" என்று ஒரு அதட்டல். கையுறைக்கு அவர்கள் சொல்வது அதுதான் என்று மணிவாசகம் கற்றுக்கொண்டதே அந்த அதட்டலில்தான். அவரையும் அவள் விட்டுவைக்கவில்லை. வாசல் பனியில் யாரும் வழுக்காமலிருக்க உப்புத் தூவாமல் ஆபீஸ் கிளம்பினால் மேலேயிருந்து விரலை நீட்டுவாள். "சரிங்கம்மா, தப்புத்தானுங்க" என்று தமிழில் சொல்லி, உள்ளே போய் உப்பு டப்பாவை எடுத்துவருவார். அவருக்கு அவள் மேல் பயம். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடலாம்: எட்டுப் பேரில் அவளைத்தான் அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

வசுமதிக்கு இந்தப் பட்டப்பெயர் வியாபாரம் பிடிக்கவே இல்லை. அவள் ஒரே மாதத்தில் அத்தனை பெயரையும் அட்சரம் பிசகாமல் கற்றுக்கொண்டுவிட்டாள்.

"ஏனுங்க, பெத்தவ ஆசை ஆசையா வெச்ச பேரு இருக்குதல்லங்க? எருமை, பன்னிங்கற மாதிரி கூப்பிடறீங்களே."

"நான் எங்க எருமைன்னேன்? இட்லின்னேன். இட்லி கெட்ட வார்த்தையா வசு?"

"உங்ககிட்டப் பேசி ஜெயிக்க முடியுமா? அந்தப் பெரிய பொண்ணு பேரையாவது ஒருக்காச் சொல்லுங்க, பாக்கலாம்."

"கலெக்டரம்மா."

"தலையெழுத்து!" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

பிள்ளைகளுக்கோ ஒரே பெருமை. ஏதோ அரசாங்கம் கொடுத்த பட்டம் மாதிரி அந்தப் பெயர்களைத் தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். 'ஒத்தேபல்' என்றால் என்ன அர்த்தம் என்று அந்தப் பையன் கேட்டபோது, மணிவாசகம் சிங்கம் மாதிரி உறுமிக் காட்டினார். அவன் அதை நம்பி, மார்பை நிமிர்த்திக்கொண்டு போனான். அவர்களும் சும்மா இருக்கவில்லை. பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர் கடைசியில் இருந்ததால் இந்த நாட்டுக்கு அவர் மிஸ்டர் சொக்கலிங்கம். பிள்ளைகள் வாயில் அது 'மொஸ்யூ ஷொக்கோலா' ஆயிற்று. ஊரே நடுங்கிய பீளமேட்டு மில் மேஸ்திரி சொக்கலிங்கம், செயின்ட்-மிஷேலில் சாக்லேட்டாகிவிட்டார். அப்பாவுக்கு மட்டும் இது தெரிந்தால் பெல்ட்டோடு கப்பலேறி வந்திருப்பார் என்று மணிவாசகம் ஜெயசங்கரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

எழுபத்திரண்டு ஜனவரியில் இரண்டு நாள் விடாமல் பனி கொட்டியது. ரோஜேவை நகராட்சி வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், வீட்டுக்கே வரவில்லை. மூன்றாம் நாள் வானம் வெளுத்துக் குளிர் இறங்கியது. மூச்சை இழுத்தால் மூக்குக்குள் மயிர் ஒட்டிக்கொள்கிற குளிர். ஆபீஸ் விட்டுப் பஸ்ஸிலிருந்து இறங்கிய மணிவாசகத்துக்குத் தெருமுனையிலேயே கருகல் வாசனை அடித்தது. பாருங்கள் மனுஷன் புத்தியை: வசு இன்றைக்கும் பருப்பை அடிப்பிடிக்க விட்டுவிட்டாள், சாப்பிடும்போது இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்துக்கொண்டே நடந்தார். அந்த நேரத்தில் வசுமதியும் வீட்டுக்குள் அதையேதான் நினைத்திருக்கிறாள். அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் திறந்து கிளறிப் பார்த்திருக்கிறாள். பருப்பு நன்றாகத்தான் இருந்தது. அப்போதுதான் வெளியே இரும்புப் படிக்கட்டில் யாரோ உருண்டு விழுகிற சத்தம் கேட்டிருக்கிறது.

மணிவாசகம் வாசலுக்கு வந்தபோது மேல் இரண்டு மாடியின் சன்னல்களிலும் புகை. சிவப்பு வண்டிகள் தெருவை அடைத்து நின்றன. குழாயிலிருந்து பீய்ச்சிய தண்ணீர் சுவரில் பட்டுப் பட்டுப் பனிக்கட்டியாகிக்கொண்டிருந்தது. ஆம்புலன்சுக்குள் யூகெத்தைப் படுக்க வைத்திருந்தார்கள். புகையில் மூச்சு முட்டிக் கீழே வரும்போது உறைந்த படியில் வழுக்கித் தலை அடிபட்டு நினைவு தப்பியிருந்தாள். அவள் கை மட்டும் வசுமதியின் முந்தானையைப் பிடித்த பிடி விடவில்லை. பிரிக்க முடியாமல் வசுமதியையும் சேர்த்தே ஏற்றிவிட்டார்கள். செருப்பில்லாத காலோடு உட்கார்ந்திருந்தவள் இவரைக் கண்டதும் கத்தினாள்.

"ஏனுங்க! கொழந்தைங்க எட்டும் வெளிய வந்தாச்சான்னு பாருங்க! எண்ணிப் பாருங்க!"

கதவைச் சாத்திவிட்டார்கள். வண்டி போய்விட்டது. அந்தத் தெருவில் அந்த எட்டுப் பெயரும் தெரிந்த ஒரே ஆளும் அதில் போய்விட்டாள்.

தீயணைப்புத் தலைவர் மீசையில் பனி தொங்க ஓடிவந்து எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். அது புரிந்தது. "உயித்!" என்று எட்டு விரலைக் காட்டினார் மணிவாசகம். எத்தனை பேர் வெளியே வந்தார்கள்? அது யாருக்கும் தெரியவில்லை. ஒருத்தி நாலு என்றாள், ஒருவன் ஏழு என்றான். வெறும் காலுறையோடு படியிறங்கி ஓடிவந்த பிள்ளைகளில் கைக்குக் கிடைத்தவர்களை அக்கம்பக்கத்தார் பிடித்து, அவரவர் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டுவிட்டார்கள். அந்தக் குளிரில் வேறென்ன செய்வார்கள்? ஆனால் எந்த வீட்டில் யார் என்று தெரியாமல், மேலே இன்னும் யார் என்று எப்படித் தெரியும்?

போலீஸ்காரர் ஒருவர் ஒலிபெருக்கியோடு வந்தார். "மேல் வீட்டுப் பிள்ளைகளை உங்களுக்குத் தெரியுமாமே. பெயரைச் சொல்லுங்கள், நான் கூப்பிடுகிறேன்" என்று பிரெஞ்சில் சொல்லி, புரியவில்லையென்று கண்டு இங்கிலீஷிலும் சொன்னார்.

மணிவாசகம் வாயைத் திறந்தார். "மரி…" என்றார்.

"மரி என்ன?"

"…சான்."

"எந்த ழான்?"

நாலு வருஷம். தினமும் காலையில் பார்த்த முகங்கள். மடியில் ஏறி உட்கார்ந்த பிள்ளைகள். ஒரு பெயர், ஒரே ஒரு பெயர்கூட வரவில்லை. "கலெக்டர்" என்று தானாக வாயில் வந்துவிட்டது.

போலீஸ்காரர் முகம் மாறியது. "வரி வசூலிக்க வந்தவரா? அவரும் உள்ளே இருக்கிறாரா?"

அந்த நிமிஷம் மணிவாசகம் தன்னைத் திட்டிக்கொண்ட திட்டை இங்கே எழுத முடியாது. பெரிய மேதாவி, ஊருக்கெல்லாம் பெயர் வைக்கிறவன், உனக்கு முதலில் ஒரு பெயர் வைக்க வேண்டுமடா என்று பல்லைக் கடித்தார். கடித்துக்கொண்டு நிற்க நேரமில்லை. நடுத்தெருவுக்கு ஓடினார். கையைக் குவித்து வாயில் வைத்து, பீளமேட்டு ஹாஸ்டல் மாடியிலிருந்து கத்துவதுபோல அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"ஒட்டடைக்குச்சீ!"

தெரு திரும்பிப் பார்த்தது. கோட்டும் டையும் போட்ட கறுத்த மனிதருக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். எதிரே இத்தாலியக் குடும்பத்தின் சன்னல் படாரென்று திறந்தது. பெரிய பையன் தலையை நீட்டி, அழுகைக் குரலில் "இங்கே!" என்றான்.

"இட்லி! சட்னி!"

இரண்டு வீடு தள்ளி, ஹைட்டியிலிருந்து வந்த நர்ஸ் அம்மாவின் வாசலில் ஒரே போர்வைக்குள் இரண்டு தலைகள். ஒன்று கையைத் தூக்கியதும் மற்றதும் தூக்கியது.

"குண்டூசி! டேய் வானரம்!"

மூலைக்கடையின் கதவு திறந்தது. கடைக்காரர் இரண்டு பேரையும் இரண்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். குண்டூசியின் கீச்சுக் குரலைக் கேட்டதும் மணிவாசகத்துக்குக் கண்ணீர் வந்தது. அது கன்னத்திலேயே உறைந்தது. ஐந்து பேர். இன்னும் மூன்று.

"ஓட்டைப்பல்லு!"

பதில் இல்லை. அந்தப் பையனுடைய நிஜப் பெயர் மூலைக்கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. தினமும் மிட்டாய் வாங்க வருகிறவன் ஆயிற்றே. அவர் போலீஸ்காரரிடம் சொல்ல, ஒலிபெருக்கி "ழான்-மார்க்! ழான்-மார்க் த்ரெபானியே!" என்று தெருவே அதிரக் கூப்பிட்டது. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். ஒன்றும் இல்லை. தீயணைப்புத் தலைவர் மேலே பார்த்து, மூன்று என்று தன் ஆட்களுக்கு விரலைக் காட்டினார். அவர்கள் ஏணியைச் சாய்த்தார்கள்.

மணிவாசகம் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்சந்துக்கு ஓடினார். அங்கே பழைய தட்டுமுட்டுச் சாமான் போடுகிற தகரக் கொட்டகை ஒன்று உண்டு. "ஓட்டைப்பல்லு! கண்ணு! எங்க சாமி இருக்கற?" என்று கத்திக்கொண்டே போனார். கொட்டகைக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"ஒத்தேபல் இல்லை."

கதவை உதைத்துத் திறந்தார். கிழிந்த டயருக்கும் துருப்பிடித்த சறுக்கு வண்டிக்கும் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடு நீலம். போலீஸ் தன் முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது, பிடித்துக்கொண்டு போகத்தான் கூப்பிடுகிறது என்று விம்மி விம்மி எதையோ சொன்னான். பிரெஞ்சு மழையாகக் கொட்டியது. மணிவாசகத்துக்குப் புரிந்தது 'மித்தேன்' ஒன்றுதான். ஈரக் கையுறையை ஹீட்டர் மேல் காயப்போட்டிருக்கிறான். தீ தன்னால்தான் வந்தது என்று பிள்ளை நம்பிக்கொண்டிருக்கிறான்.

தீ சுவருக்குள் ஓடிய மின்கம்பியிலிருந்து வந்தது என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் அது பிற்பாடு. அப்போது அவனிடம் சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. உன் தப்பு இல்லையடா ராஜா, நீ குழந்தை, யாரும் உன்னை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்றெல்லாம் சொல்ல வேண்டும். மணிவாசகத்திடம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னார்.

"இன்றைக்குக் குளிர் அதிகம்."

பையன் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தான். பிறகு எழுந்து வந்து அவர் கோட்டுக்குள் நுழைந்துகொண்டான்.

அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தபடியே கேட்டார். "கலெக்டர்?"

கோட்டுக்குள்ளிருந்து ஒரு விரல் வெளியே வந்து மேல்மாடியைக் காட்டியது.

"பூசணி?"

அதே விரல் அங்கேயே நின்றது. கலெக்டர் எல்லோரையும் படியில் இறக்கிவிட்டிருக்கிறாள். ஒவ்வொருத்தராக, சோதனை போடுகிற மாதிரியே தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டிருக்கிறாள். கடைசியில் பூசணியை எடுத்துவரத் திரும்ப உள்ளே போயிருக்கிறாள். விக்கலோடும் கையசைப்போடும் அவன் சொன்னதில் மணிவாசகத்துக்கு அவ்வளவும் விளங்கியது. அதற்கு மொழி தேவைப்படவில்லை.

பையனை மூலைக்கடையில் மற்றவர்களோடு விட்டுவிட்டு, தலைவரிடம் ஓடினார். இரண்டு விரலைக் காட்டினார். பின்பக்கத்து அறை என்று கையால் வரைந்து காட்டினார். அவர்கள் முன்பே உள்ளே போயிருந்தார்கள். இவர் கீழே நின்று கூப்பிட ஆரம்பித்தார்.

"கலெக்டரம்மா! கலெக்டரம்மா! கீழ வாங்கம்மா! உப்புப் போட்டாச்சுங்கம்மா, வழுக்காது, வாங்க!"

அவளுக்குத் தமிழ் தெரியாது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் கூப்பிட்டார். முன்பக்கம் நின்று கூப்பிட்டார், சந்துக்கு ஓடிப் பின்பக்கம் நின்று கூப்பிட்டார். ஒருவேளை எந்த வீட்டிலாவது இருக்கலாம், அந்தப் பையன் தப்பாகப் பார்த்திருக்கலாம் என்று தெருக்கோடி வரை போய்க் கூப்பிட்டுவிட்டு வந்தார். ஏணியிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். ஒருவர் கையில் போர்வை சுற்றிய சின்னது ஒன்று, பின்னால் வந்த இருவர் கையில் நீளமானது ஒன்று. இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலைவர் தொப்பியைக் கழற்றினார். மணிவாசகம் அதைப் பார்த்த பிறகும் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார். கடைசியில் வாய் மட்டும் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. தொண்டை கட்டிப்போய்விட்டது. இத்தாலிய வீட்டு அம்மாள் வந்து அவர் கழுத்தில் ஒரு கம்பளித் துண்டைச் சுற்றிவிட்டுப் போனாள்.

அப்போது தெருமுனையில் பனி அள்ளுகிற லாரி ஒன்று வந்து நின்றது. மேற்கொண்டு போக வழியில்லாமல் குழாய்கள் கிடந்தன. கதவைத் திறந்து போட்டுவிட்டு, என்ஜினைக்கூட அணைக்காமல் ரோஜே குதித்து ஓடிவந்தார். வீட்டைப் பார்த்தார். சன்னலெல்லாம் கறுத்து, சுவரெல்லாம் பனிக்கட்டி வழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. தலைவர் அவர் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார். ஆறு பேர் பத்திரம் என்று சொல்லியிருப்பார். மனைவியும், பின்னால் வேறு வண்டியில் அனுப்பிய அந்த ஆறு பேரும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்று சொல்லியிருப்பார். இரண்டு பேர் என்று சொல்லியிருப்பார். எந்த இரண்டு பேர் என்று அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்? போலீஸ்காரர் மணிவாசகத்தைக் காட்டினார். இந்த மனிதருக்குத் தெரியும் என்றார்.

ரோஜே வந்து அவர் கோட்டின் காலரை இரண்டு கையாலும் பிடித்தார்.

"யார்?"

பிரெஞ்சில் அது 'கி'. ஒரே எழுத்து. மணிவாசகத்துக்கு நன்றாகப் புரிந்தது.

அவர் வாயைத் திறந்தார். குரல் இல்லை. குரல் இருந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்? பெற்ற தகப்பனிடம் போய்ப் பூசணி என்றா? கைகள் இரண்டையும் மார்போடு சேர்த்து, குழந்தையைத் தாலாட்டுவதுபோல் ஆட்டிக் காட்டினார். ரோஜேவின் முகம் இடிந்தது. ஆனால் பிடியை விடவில்லை. இன்னும் ஒருவர் இருக்கிறாரே.

"இன்னொருவர்? யார்?"

மணிவாசகம் கையைத் தன் தோள்மட்டத்துக்கு உயர்த்தி உயரம் காட்டினார். அந்த உயரத்தில் ஒட்டடைக்குச்சியும் உண்டு. ரோஜே தலையை இல்லை இல்லை என்று ஆட்டினார். காலரை உலுக்கினார். "யார்? யார்? பெயரைச் சொல்லுங்கள்!"

மணிவாசகம் மெதுவாக அவர் கையை விலக்கிவிட்டு ஓரடி பின்னால் போனார். தோளில் தொங்கிக்கொண்டிருந்த ஆபீஸ் பையைக் கழற்றிப் பனியில் வைத்தார். இரண்டு கையையும் இடுப்பில் வைத்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். வலது பாதத்தைத் தரையில் தட்டினார். முப்பத்தைந்து வயசு ஆம்பளை, டை கட்டிக்கொண்டு, கழுத்தில் எவளோ கொடுத்த கம்பளியோடு, தெருவே பார்க்க அப்படி நின்று தட்டிக்கொண்டே இருந்தார். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"மரி-தெரேஸ்" என்றார் ரோஜே.

அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார். மணிவாசகமும் பக்கத்தில் உட்கார்ந்தார். சத்தமே வராத தொண்டையில் அந்தப் பெயரை முதல் தடவையாகச் சொல்லிப் பார்த்தார். ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் வந்தது.